பாட் வேப்: இரண்டரை வருடம் இழுத்த பிறகு ஒரு விமர்சனம்

பாட் வேப் என்கிற இந்த மின் சிகரெட் கருவியை வாங்கிய மாதமே விமர்சனம் எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். நல்லவேளை, அப்போது சோம்பேறித்தனம் தடுத்துவிட்டது. இடையில் இரண்டரை வருடம் ஓடிவிட்டது. ஊரில் ஒரு பல் மருத்துவமனை நாற்காலியில் நான்கு நாள் வாயைத் திறந்தபடி படுத்திருந்தும் ஆகிவிட்டது. இப்போது எழுதுவதுதான் சரி.

நான் ஷார்ஜாவில் ஏ.சி. உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பர். வயது 41. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பதினான்கு வருடம் சிகரெட் பிடித்தேன். நாளைக்குப் பத்து, சம்பள நாளில் பன்னிரண்டு. நாங்கள் ஒரே அறையில் ஆறு பேர். சிகரெட் வேண்டுமென்றால் மூன்று மாடி இறங்கிக் குப்பைத் தொட்டி ஓரமாக நிற்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் இரவு பதினொரு மணிக்கும் அங்கே வேர்த்துக் கொட்டும். அமீரகத்தில் வேப் விற்க 2019 ஏப்ரலில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் செல்போன் கவர் கடைக்கு அடுத்த கடையே அதுதான். ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே போனேன், 75 திர்ஹம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அத்தோடு சிகரெட் நின்றது.

கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. இந்த வகைக் கருவிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அமைப்புதான். பேனாவைவிடக் கொஞ்சம் தடிமன், உள்ளே ஒரு பேட்டரி, மேலே செருகும் 2 மில்லி திரவக் குப்பி, அதற்குப் பெயர்தான் பாட். பாட்டுக்குள் பஞ்சும் அதைச் சுற்றி ஒரு காயிலும், அதாவது சூடாகும் கம்பிச் சுருளும், இருக்கும். பஞ்சு லிக்விடை உறிஞ்சும், காயில் சூடாகும், ஆவி வரும். லிக்விடில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனை. நான் வாங்கியது மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் சால்ட் (உப்பு வடிவ நிக்கோட்டின்), மாம்பழம் ஐஸ் வாசனை. நல்ல மாம்பழ வாசனைதான். பங்கனப்பள்ளி என்று சொல்ல மாட்டேன், பாக்கெட் ஜூஸ் மாம்பழம்.

கருவியாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. ஒரு சார்ஜில் ஒரு ஷிப்ட் தாராளமாக ஓடும். ஒழுகல் எப்போதாவதுதான். சட்டைப் பையில் ஒருமுறை கசிந்து ஒட்டிப் போனது, அதுவும் நான் சரியாகச் செருகாததால். காயில்தான் சீக்கிரம் போய்விடும். பத்து நாளில் கருகல் வாசனை வந்துவிடும். ஒருநாள் பழைய பாட்டை ஸ்குரூடிரைவரால் பிளந்து பார்த்தேன். வேலைப் பழக்கம், எது பழுதானாலும் திறந்து பார்க்கத் தோன்றும். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பஞ்சு வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. காயில் மேல் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு படிவு. பணியாரக் கல்லைக் கழுவாமல் வைத்தால் குழியோரத்தில் காய்ந்து நிற்குமே, அச்சு அசல் அதே மாதிரி. கடைக்காரரிடம் காட்டினேன். “இனிப்பு ஃபிளேவர் எல்லாம் அப்படித்தான் பாய், ஸ்வீட்னர் காயில்ல ஒட்டிக்கும்” என்றார். புதுப் பாட் ஒன்றை எடுத்து வைத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். காயிலில் ஒட்டுவது வேறு எங்கெல்லாம் ஒட்டும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

இனி வாய்.

முதலில் கண்ணில் பட்டதெல்லாம் நல்லதாகவே இருந்தது. பல்லில் இருந்த பழுப்பு மெல்ல மறைந்தது. லீவில் போனபோது வீட்டுக்காரி பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “என்னங்க, நெஜமாவே விட்டுட்டீங்களா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே இன்னொரு கருவி வாங்கலாம் போலிருந்தது. பல் விளக்கினால் நுரை வெள்ளை வெளேரென்று வந்தது. சிகரெட் பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் கல்லூரி நாட்களில் என் ஈறில் அடிக்கடி ரத்தம் வரும். இப்போது ஒரு பொட்டு இல்லை. வாய் சுத்தமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வாய் வறண்டது. ராத்திரி இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தேன். ஏ.சி. அறை, பாலைவன ஊர் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். புரோப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சமாசாரம் என்பது பிறகுதான் தெரியும். எச்சில் என்பது சும்மா தண்ணீர் இல்லை, பல்லைச் சுற்றியிருக்கும் அமிலத்தை நாள் முழுக்கக் கழுவிக்கொண்டே இருப்பது அதுதான். அது குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். அப்புறம் நாக்கு. ரசத்தில் புளி குறைவு என்று சமையல்காரப் பையனோடு இரண்டு முறை சண்டை போட்டேன். மற்ற ஐந்து பேரும் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

போன ஆவணியில் ஐந்து வார லீவு. கருவியை ஷார்ஜாவில் லாக்கரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். இந்தியாவில் 2019-லிருந்து மின் சிகரெட்டுக்குத் தடைச் சட்டம் இருக்கிறது. கொண்டுவந்தாலும் தொல்லை, விற்றாலும் தொல்லை. வந்த ஆறாம் நாள் கிருஷ்ண ஜெயந்தி. உப்புச் சீடை ஒன்றைக் கடித்தேன். சீடை உடையவில்லை, கீழ் முன்பல் உள்பக்கமாகச் சாய்ந்து திரும்பி வந்தது. வலி இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன், ஆடியது. கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் இரண்டு கீழ்ப்பற்களுக்கு நடுவே ஒரு சந்து இருப்பதையே பார்த்தேன். முந்தின வருடம் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோது தம்பி எடுத்த போட்டோ போனில் இருந்தது, சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அதில் அந்தச் சந்து இல்லை.

அப்பா பார்த்துவிட்டு “பயோரியாடா” என்றார், ஈறு நோயைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவருக்கு 74 வயது. வேப்பங்குச்சியில் ஆரம்பித்துப் பல்பொடிக்கு வந்தவர், இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறார். “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று ஆரம்பித்தார், முடிப்பதற்குள் நான் செருப்பு மாட்டிவிட்டேன்.

மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அங்கே ஈறுக்கென்று தனியாகப் படித்த டாக்டர் ஒருவர் சாயங்காலத்தில் மட்டும் வருவார். டோக்கன் போட்டு ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தேன். டி.வி.யில் சத்தமில்லாமல் சீரியல் ஓடியது. டாக்டருக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கலாம், பேச்சில் நிதானம்.

“சிகரெட் பிடிப்பீங்களா சார்?”

“விட்டு ரெண்டரை வருஷம் ஆச்சு டாக்டர்.”

அதற்கு மேல் கேட்கவில்லை. கறுப்புக் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று அளக்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். அவர் எண் சொல்லச் சொல்ல உதவிக்கு நின்ற பெண் எழுதிக்கொண்டே வந்தது. த்ரீ, டூ, த்ரீ. மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் சரி, அதற்கு மேல் போனால் பல்லைப் பிடித்திருக்கும் ஈறு பிரிந்து பாக்கெட் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு எண்ணும் எனக்குப் பரீட்சை மார்க் மாதிரிக் கேட்டது, கம்மியாக இருந்தால்தான் பாஸ். ஃபோர். ஃபைவ். கீழ் முன்பல்லுக்கு வந்ததும் சிக்ஸ். எழுதிக்கொண்டிருந்த பெண் “சிக்ஸா மேடம்?” என்று திருப்பிக் கேட்டது.

டாக்டர் கம்பியை எடுத்துப் பஞ்சில் துடைத்தார். பஞ்சைப் பார்த்தார், திரும்ப என் வாயைப் பார்த்தார்.

“இவ்வளவு ஆழம் இருக்கு, ரத்தமே வரலையே. ஹூக்கா, வேப், வேற ஏதாவது உண்டா சார்?”

“வேப் மட்டும்தான் டாக்டர். அது சிகரெட் இல்லையே.”

“நிக்கோட்டின் இருக்குல்ல?”

பிறகு அவர் சொன்னதைத்தான் இந்த விமர்சனத்தின் முக்கிய விஷயமாக நினைக்கிறேன். நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். பல்லிடுக்கில் அழுக்கும் கிருமியும் சேர்ந்தால் சாதாரணமாக ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். ஆள் பயந்து டாக்டரிடம் ஓடுவான். நிக்கோட்டின் இருக்கிற வாயில் அந்தச் சிவப்பும் ரத்தமும் அவ்வளவாக வராது. கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றிவிட்ட மாதிரி, ஆட்டினாலும் சத்தம் கேட்காது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், வெளியே ஈறு வெளிர் நிறத்தில் கெட்டியாக, பார்க்க ஆரோக்கியமாக நிற்கும். ரத்தம் நின்றதை நான் கருவியின் நல்ல அம்சமாக மனதுக்குள் மார்க் போட்டு வைத்திருந்தேன். அதுதான் அதன் பெரிய குறை.

எக்ஸ்ரேயில் முன்பற்களின் வேரைப் பிடித்திருக்கும் எலும்பு மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கியிருந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும், இது முழுவதும் வேப்பின் வேலை என்று அவர் சொல்லவில்லை. பதினான்கு வருட சிகரெட்டும் அதில் இருக்கிறது. “எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது சார். சிகரெட்டை விட்டப்ப ஈறு தேறியிருக்கணும், நீங்க அதுக்கு டைமே குடுக்கல” என்றார்.

ராத்திரி தூக்கம் வராமல் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் நியூயார்க் பல்கலைக்கழகப் பல் மருத்துவர்கள் 2020-இல் 119 பேரைப் பரிசோதித்திருக்கிறார்கள். சிகரெட் பிடிப்பவர்களில் 72.5 சதவீதம் பேருக்கு ஈறு நோய், வேப் இழுப்பவர்களில் 42.5, இரண்டும் இல்லாதவர்களில் 28.2. சின்ன ஆய்வுதான். ஆனால் அந்த நடு எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் என்னிடம் முதல் இரண்டு எண்ணுக்கு உள்ள தூரத்தைத்தான் விற்றார், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதே வருடம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வொன்றும் வந்திருக்கிறது. நோய் வெளியே தெரியாத, வேப் இழுப்பவர்களின் ஈறுக்கடியிலும் ஈறு நோயாளிகளிடம் இருப்பது போன்ற கிருமிக் கூட்டம் இருந்ததாம். நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தானாம். சூடாக்கிய அந்தத் திரவமே கிருமிக்குச் சாப்பாடு ஆகிறது என்பது அவர்கள் கணிப்பு. “நான் ஜீரோ நிக்கோட்டின்தான் இழுக்கிறேன்” என்று நெஞ்சை நிமிர்த்தும் அறைத் தோழர்கள் கவனிக்க.

கறுத்த காயிலுக்கும் பதில் கிடைத்தது. 2018-இல் ஒரு ஆய்வகத்தில் இனிப்பு வாசனை லிக்விடின் ஆவியைப் பல் எனாமல் மேல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பல்லை அரிக்கும் கிருமி நான்கு மடங்கு அதிகமாக ஒட்டியதாம், எனாமலின் கடினம் 27 சதவீதம் குறைந்ததாம். கிளிசரின் பிசுபிசுப்பு, அதன் மேல் இனிப்பு. பணியாரக் குழி நினைவுக்கு வந்தது. எழுந்து போய் மறுபடி பல் விளக்கினேன், ராத்திரி ஒன்றரை மணிக்கு.

சிகிச்சையைப் பற்றியும் கொஞ்சம். டீப் கிளீனிங் என்கிறார்கள். சாதாரண கிளீனிங் ஈறுக்கு மேலே இருக்கும் காரையை எடுப்பது. இது ஈறுக்கு அடியில் போய் வேரைச் சுரண்டி வழவழப்பாக்குவது. வாயை நான்காகப் பிரித்து நான்கு நாள் செய்தார்கள். ஒவ்வொரு நாளும் மரத்துப்போக ஊசி, முக்கால் மணி நேரம். மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய், எக்ஸ்ரே தனி. ஊசிக்கு அப்புறம் வலியில்லை, சத்தம்தான். சட்டியின் அடிப்பிடித்ததைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டால் எப்படியிருக்கும். இரண்டாம் நாள் டாக்டர் எடுத்த ஒரு துண்டைத் தட்டில் காட்டினார். கடுகளவு, கறும்பச்சை நிறம், கல் மாதிரி இருந்தது.

முன்கூட்டியே சொல்லாத ஒன்று, வீக்கம் வடிந்து ஈறு ஒடுங்கியதும் பற்கள் நீளமாகத் தெரிகின்றன. சந்துகள் பெரிதாகின்றன. என் பெண் “அப்பா, குதிரைப் பல்லுப்பா” என்று சிரித்தாள். குளிர்ந்த தண்ணீர் ஒரு மாதத்துக்கு ஆகவில்லை. குளோர்ஹெக்சிடின் வாய்க் கொப்பளிப்பான் இரண்டு வாரம் கொடுத்தார்கள். வேலை செய்கிறது, ஆனால் காபியின் ருசியைக் கெடுத்துவிடும். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு டிகிரி காபி ருசிக்காமல் பதினான்கு நாள் இருப்பதற்குத் தனியாக ஒரு மனோதிடம் வேண்டும். பல்லில் லேசாகப் பழுப்பும் ஏறும், அது பாலிஷில் போய்விடும். கரைந்த எலும்பு திரும்ப வளராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்பதை மட்டும் அவர் இரண்டு முறை சொன்னார்.

லீவின் நான்காவது வாரம் ஒரு காலையில் துப்பினால் நுரை சிவப்பு. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் இடுக்குப் பிரஷ் விட்ட இடமெல்லாம் ரத்தம். ஊரில் கருவி இல்லை, சிகரெட்டும் தொடவில்லை, ஒரு மாதமாக இஞ்சி மிட்டாயில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவு செய்தும் இப்படியா என்று பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டேன்.

“வேப் திரும்ப இழுத்தீங்களா?”

“இல்ல டாக்டர், சத்தியமா.”

“அப்ப நல்லதுதான். ரத்த ஓட்டம் திரும்புது. மிச்சம் அழுக்கு இருக்கிற இடத்த ஈறு இப்பத்தான் காட்டிக் குடுக்குது. அங்கெல்லாம் விடாம பிரஷ் பண்ணுங்க, ரெண்டு வாரத்துல நிக்கும்.”

இருபது வருடம் கழித்து ஈறில் ரத்தம் வந்ததற்குச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பதினாறாம் நாள் நின்றது, அப்போது ஷார்ஜா திரும்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து இங்கேயே ஒரு கிளினிக்கில் 150 திர்ஹம் கொடுத்து மறுபடி அளந்து பார்த்தேன். எங்கள் இன்ஷூரன்ஸில் பல் கிடையாது. நான்குகளும் ஐந்துகளும் பெரும்பாலும் மூன்றாகியிருந்தன. அந்தக் கீழ் முன்பல் மட்டும் ஐந்தில் நிற்கிறது, லேசாக ஆடுகிறது. சீடையை இனிமேல் பொடித்துத்தான் சாப்பிட வேண்டும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சிகரெட்டை நிறுத்த வேறு வழியே இல்லை என்ற நிலையில் இருப்பவரோடு நான் வாதம் செய்ய மாட்டேன், என் நெஞ்சு இருமல் போனதும் உண்மை. ஆனால் அதைக் கரையென்று நினைத்து இறங்கி உட்கார்ந்துவிட வேண்டாம், வாங்கிய அன்றே ஈறை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் வரவில்லை என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சிகரெட்டே பிடிக்காத இருபது வயதுப் பையன் மாம்பழ வாசனைக்காக வாங்குகிறான் என்றால், நட்சத்திரம் போட என்னிடம் ஒன்றுகூட இல்லை. கருவிக்குத் தனியாக நான்கு, வாய்க்கு ஒன்று.

கருவியை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பழைய பேட்டரி போடும் பெட்டியில் போட்டுவிட்டேன். இப்போது கையில் இருப்பது இடுக்குப் பிரஷ்தான். எட்டு பிரஷ் 22 திர்ஹம், ஒன்று ஒரு வாரம் வரும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சுருக்கிச் சுருக்கித் தீக்குச்சி அளவாக்கியது போல இருக்கும். பல்லுக்குப் பல் சந்து அளவு மாறும், ஆகையால் அளவு தெரியாமல் வாங்காதீர்கள், எனக்கு இரண்டு அளவு தேவைப்படுகிறது. போன வாரம் எட்டில் ஒன்று குறைந்திருந்தது. கீழ்ப் பெர்த்தில் படுக்கும் மலப்புரத்துப் பையன் எடுத்திருக்கிறான். அவன் இன்னும் வேப்தான், புளூபெர்ரி. “அண்ணா, இது அந்த சார்ஜிங் பின்னுக்குள்ள சூப்பரா போகுது, அழுக்கெல்லாம் வந்துடுச்சு” என்று கொண்டுவந்து காட்டினான். நுனியில் அதே வெல்லப்பாகு நிறம்.